ஒரு பேருக்கு ஒரு படங்கு நிலம்

2019 மார்ச் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு வெள்ளிமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள்: கங்காணி ஜீவராணி, அவருடைய பேர்ப் புத்தகத்தில் உள்ள கொழுந்து எடுக்கும் பெண்கள் இருபத்தாறு பேர், அவர்களில் சுதர்ஷினி கைக்குழந்தையோடு, மருந்தடிக்கும் அழகன், கவ்வாத்து வெட்டும் ஆண்கள் எட்டுப் பேர், ஓய்வுபெற்று மூன்று வருடமாகியும் காலையில் காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் இருக்கத் தெரியாத வீரய்யா, மஸ்கெலியாவிலிருந்து கருவாடு விற்க வந்து வேன் கிளம்பாமல் நின்றுவிட்ட நஸார், இரண்டு நாய்கள், வீரய்யாவின் மனைவி காளியாயி. காளியாயி இறந்து அன்றைக்கு நான்கு மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தன.

அன்று யாருக்கும் வேலை இல்லை. முதல் நாள்தான் கம்பனி கீழ்ப்பிரிவை மூடியிருந்தது. அறிவித்தலை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். தமிழில் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. மலைகள் கைவிடப்படும், வேலை வேண்டியவர்கள் நான்கு கிலோமீட்டர் ஏறி மேல்பிரிவுக்கு வரலாம், காம்பராக்கள் வரிசையாக உள்ள லயம் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகளாக மாறப்போவதால் ஜூன் முடிவதற்குள் பன்னிரண்டு காம்பராவையும் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனாலும் ஆறரை மணிக்கு எல்லோரும் களத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். பழக்கம் அறிவித்தல் படிப்பதில்லை. ஜீவராணியின் கையில் பேர்ப் புத்தகம் இருந்தது. நிற்கிற கூட்டத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் காம்பரா ஆளுக்குச் சொந்தமில்லை. பேர்ப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் அது. பெயரை வெட்டினால் காம்பராவும் போய்விடும். அதனால் லயத்தில் யாராவது செத்தால் பிணத்தை அன்றே புதைப்பார்கள், பெயரை மட்டும் இழுத்தடிப்பார்கள். கங்காணிகளும் கண்டுகொள்வதில்லை. காளியாயியின் பெயரை ஜீவராணி நான்கு மாதமாகக் கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லாதது மேலதிகாரியான கண்டாக்குக்குத் தெரிவதற்குள் அடுத்த பெயருக்குத் தாவிக்கொண்டிருந்தார். அன்று தாவ முடியவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்தது. தலையில் துணி, இடுப்பில் படங்கு, காலில் கறுப்பு பூட்ஸ். அழகன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்று இடம் விட்டான். வீரய்யா நெடுநேரம் பார்த்துவிட்டு, "உசுரோட இருந்தப்ப நான்தான் எழுப்பிவிடணும்," என்றார்.

பெயர் கூப்பிட்டு முடிந்தபோது களம் பெரிதாகியிருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஓரத்துத் தேயிலைச் செடிகள், பஸ்ஸில் ஒருவர் உட்காருவதற்காக நகர்ந்து கொடுப்பது போல நகர்ந்து நின்றன. மழைத்தண்ணீர் ஓடும் கான்கள் தாமாக வளைந்துகொண்டன. ஒரு வாரத்துக்குள் கணக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் "இருக்கேன்" என்றால் ஒரு படங்கு விரிக்கிற அளவு நிலம் கூடியது. படங்கு என்றால் கொழுந்துச் செடி சேலையைக் கிழிக்காமல் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற சாக்குத் துணி. சொல்லிவிட்டுப் பெரட்டு முடிவதற்குள் ஓடிப்போனால் அந்த நிலம் மறுநாள் காலையில் இருக்காது. இதை அழகன் மூன்று முறை சோதித்துப் பார்த்து, மூன்றாவது முறை ஜீவராணியிடம் அடி வாங்கினான்.

நஸார் இரண்டாம் நாள் வேனைத் திருத்தினார், ஆனால் போகவில்லை. நான்காம் நாள் காலையில் வரிசையின் கடைசியில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நம்மட பேரையும் ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்களேன்."

"நீங்க கொழுந்து எடுப்பீங்களா நானா?" என்று ஜீவராணி அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"கொழுந்து தெரியாது. ஆனா நாளைக்கும் வருவேன், நாளண்டைக்கும் வருவேன்."

"கருவாட்டு நாத்தத்துல நெலம் உள்ளுக்குப் போயிரப் போவுது," என்றாள் சுதர்ஷினி. பெண்கள் சிரித்தார்கள். ஜீவராணி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவருடைய பெயரை எழுதிக் கூப்பிட்டார். நஸார் "இருக்கேன்" என்றார். அவருடைய காலுக்குப் பக்கத்தில் ஒரு படங்கு நிலம் வந்தது, நல்ல சமதரை. தொடர்ந்து நாற்பது நாள் வந்து நின்றார். நாற்பத்தோராம் நாள் அந்த இடத்தில் தகரம் அடித்துக் கருவாடும் பருப்பும் போன் கார்டும் விற்றார். பெரட்டுக்களத்தின் முதல் கடை அதுதான். இன்றைக்கு அது மூன்று மாடி.

ஜூன் கடைசியில் கண்டாக்கு பன்னிரண்டு மாங்காய்ப் பூட்டுகளோடு வந்தார். தோட்டத்தில் கண்டாக்கு என்றால் மலை வேலையை மேய்க்கிற அதிகாரி. காம்பராவைப் பறிக்கும்போது பூட்டு மாட்டுவதும் அவர் வேலை. லயத்துக் கதவுகளில் நாதாங்கி வெளியே இருப்பது அதற்காகத்தான். ஆனால் பதினொரு குடும்பங்கள் ஏற்கெனவே புதிய நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுப் போயிருந்தன. காலியான பதினொரு காம்பராவுக்கும் அவர் பூட்டு மாட்டினார். ஒன்பதாம் நம்பரில் வீரய்யா இருந்தார். கண்டாக்கு பேர்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். காளியாயி ஒரு நாள் தவறாமல் வந்திருந்தார். புத்தகத்தில் பெயரும், வரிசையில் ஆளும் இருக்கும்வரை பூட்டக் கூடாது என்பது கம்பனியின் சொந்தச் சட்டம். பன்னிரண்டாவது பூட்டைக் கண்டாக்கு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. 2020இல் ஊரடங்குக்கு முந்திய வாரம் கொழும்புக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகள் லொறி லொறியாக வந்து இறங்கினார்கள். வர முடியாதவர்கள் காலை ஆறரைக்குப் போனில் வந்து ஸ்பீக்கரில் "இருக்கேன்" என்றார்கள். அதற்கு நிலம் கொடுக்கலாமா என்று சண்டை வந்தது. அளவுக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தால் கம்பனி அரைப் பேர் போடும், அதாவது அரை நாள் கூலி. ஜீவராணி அந்த வழக்கத்தையே எடுத்தார். "போன்ல சொன்னா அரைப் பேரு," என்றார். நிலம் அதை ஏற்றுக்கொண்டு பாதிப் படங்கு வளர்ந்தது. குவைத்தில் வீட்டு வேலை செய்த ஒரு பெண் அங்கே விடியுமுன்னே எழுந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வருடம் அரைப் பேராகச் சேர்த்தாள். திரும்பி வந்தபோது அழகு நிலையம் வைக்கிற அளவு இடம் அவளுக்காகக் காத்திருந்தது.

2021இல் பதினான்காம் கிலோமீட்டர்க் கல்லுக்கும் பதினைந்தாம் கல்லுக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ஹட்டன் பஸ்காரர்கள் இடையில் ஒரு தரிப்பைச் சேர்த்துக் கட்டணத்தையும் கூட்டினார்கள். பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து வந்த மின்கம்பி வேலையாட்கள் திங்கட்கிழமை தோறும் ஒரு கம்பம் நட்டுவிட்டு, மத்தியானம் நஸாரின் மனைவி ஸாலிஹாவின் பேக்கரியில் பணிஸ் சாப்பிட்டுப் போனார்கள். மாலைப் பனி மற்ற ஊர்களுக்கு நான்கு மணிக்கு இறங்கியது, பெரட்டுக்களத்துக்கு நாலரைக்கு வந்தது. கடக்க வேண்டிய தூரம் கூடிவிட்டது. 2022இல் எரிவாயுவும் டீசலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, அக்கரப்பத்தனையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் ஆட்கள் நடந்து வந்து இந்த வரிசையில் நின்றார்கள். எதுவோ கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே வரிசை இதுதான். நானூறு பெயர், பிறகு எழுநூறு. பெரட்டு எட்டு மணிவரை போனது. ஜீவராணிக்குத் தொண்டை போய், மூன்று உதவிக் கங்காணிகள் வந்தார்கள். புது நிலத்தில் லீக்ஸ், கோவா போன்ற மலைக் காய்கறிகள் போட்டார்கள். முதல் அறுவடையைப் பங்கு போட்டார்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடம் வேண்டுமென்று ஒரு வாரம் எல்லோரும் சேர்ந்து வந்து நின்றார்கள். இரண்டும் ஒரே நாளில் முளைத்தன. வங்கி வந்தது, மருந்துக்கடைகள் வந்தன, ஒன்பது டியூஷன் வகுப்புகளும் கல்யாண மண்டபமும் வந்தன. கம்பனி அந்தக் கண்டாக்கை வேலையிலிருந்து நிறுத்தியபோது அவரும் முழங்கால்வரை மேஜோடு போட்டுக்கொண்டு ஒருநாள் வரிசைக்கு வந்தார். ஜீவராணி அவருடைய பெயரைக் கூப்பிட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "இருக்கேன்" என்றார். அவருக்கும் ஒரு படங்கு வந்தது. இப்போது அங்கே ஆங்கில வகுப்பு எடுக்கிறார்.

கம்பனிக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. மேல்பிரிவில் தானும் நிலம் வளர்க்க நினைத்து, கைரேகை மெஷின் ஒன்றை வாங்கிவைத்தது. ஒவ்வொருவரும் விரலை வைத்தார்கள், மெஷின் ஒவ்வொரு நம்பராகச் சொன்னது. ஆறு மாதத்தில் ஒரு அங்குலம்கூட வரவில்லை. மெஷினுக்கு அடியில் சேறு மட்டும் கொஞ்சம் கூடியது. அதன்பிறகு கம்பனி கீழே வளர்ந்த நிலம் முழுவதும் தன்னுடையது என்று வழக்குப் போட்டது. 2024இல் தோட்டத்தை அளந்து பார்த்தார்கள். பழைய வரைபடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். அளந்தபோதும் அறுநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர், ஒரு பேர்ச் குறையவில்லை. அதற்குள் அடங்காமல் நடுவில் தொண்ணூற்றாறு ஏக்கரில் ஒரு நகரம் இருந்தது. உங்கள் பொருள் முழுதாக உங்களிடம் இருக்கும்போது எதற்காக வந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். தீர்ப்பு வந்தது. லயம் மட்டும் கம்பனிக்கு. புதிய நிலம் குடியிருப்பவர்களுக்கு. ஆனால் 2025 மார்ச் முப்பத்தோராம் தேதிக்குள் நில அளவை வரைபடம் காணி அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாரும் ஏலத்தில் எடுக்கக்கூடிய அரச காணி. ஏலம் எடுக்க யார் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சர்வேயர் கிஷாந்த் அக்கரப்பத்தனை லயமொன்றில் பிறந்தவர். அவர் ஜீவராணியிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: வளர்கிற நிலத்தை அளக்க முடியாது. எந்த முளையில் தொடங்கினாரோ அளந்து முடித்து அதே முளைக்குத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் வரைபடம் செல்லாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிலம் சும்மா இருக்க வேண்டும். பெப்ரவரி முதலாம் தேதியிலிருந்து பெரட்டு நிறுத்தப்பட்டது. ஆறு வருடத்தில் முதல்முறையாக ஆயிரத்து நூற்று நாற்பது பேர் ஆறரை மணிக்குப் போர்வைக்குள் கிடந்தார்கள். பலருக்குத் தலைவலி வந்தது. கிஷாந்த் காலையில் தொடங்கி மாலையில் முடித்தார். தொடங்கிய முளைக்கும் முடித்த இடத்துக்கும் இடையில் ஒரு படங்கு அளவு உதைத்தது. மறுநாள் அளந்தார், ஒரு படங்கு. மூன்றாம் நாளும் அதே ஒரு படங்கு.

நான்காம் நாள் ஜீவராணி விடியற்காலையிலேயே களத்துக்குப் போய் நின்றார். ஆறரை மணிக்குக் காளியாயி லயத்துப் பக்கமிருந்து வந்து, மூன்றாவது வரிசை இருக்க வேண்டிய இடத்தில் தனியாக நின்று, யாரும் கூப்பிடாமலே "இருக்கேன்" என்றார்.

"அக்கா, பெரட்டு இல்லன்னு ஊருக்கே சொன்னோமே," என்றார் ஜீவராணி.

"நீ சொன்ன. கண்டாக்கையா சொன்னாரா?"

"அவரு இப்ப நம்ம ஊருலதான் டியூசன் குடுக்குறாரு."

"அது அவரு பாடு. நான் வரலன்னா காம்பராவப் பூட்டிருவாங்க. இந்த மனுசன் எங்க போவாரு? சோறாக்கத் தெரியாது, சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது."

"அவருக்குப் புது நெலத்துல இடம் இருக்கு. எல்லாருக்கும் வீடு இருக்கே அக்கா."

"எல்லாம் காகிதம் இல்லாத வீடு. காகிதம் வரட்டும், வர்றத நிறுத்துறேன்."

"நீங்க நிறுத்தினாத்தான் காகிதம் வரும்."

"அப்ப ரெண்டு பேரும் நிப்போம்," என்று சொல்லிவிட்டுக் காளியாயி பெரட்டு முடிகிற நேரம்வரை நின்றார். பெரட்டு விதி அது.

ஊர் கூடிப் பேசியது. பூசாரியைக் கூப்பிட்டு ஆவியை ஓட்டிவிடலாம் என்றார்கள் சிலர். பேர்ப் புத்தகத்திலிருந்து காளியாயியை வெட்டினால் போதும், செத்தவருக்கு எதற்குப் பெயர் என்றார் வங்கி மேனேஜர். ஜீவராணி புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். வீரய்யா கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஜீவராணி நாற்பத்தெட்டு வயதுப் பெண், கணவன் இல்லாதவர், அவருடைய கொட்டகைக்கும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. வரைபடம் போகாவிட்டால் ஏப்ரலில் அவரும்தான் வீதியில் நிற்க வேண்டும். ஒரு கோடு போட்டால் போதும். அவர் பேனாவை மூடி வைத்தார். "இந்த ஊருல முதல் நாளு நின்ன ஆளு இது. வெட்டுற வேலைய கம்பனி செய்யும், நாம செய்ய வேணாம்," என்றார். பிறகு நஸாரைப் பார்த்துக் கேட்டார்: "நானா, கம்பனி நமக்கு என்னைக்காவது காகிதத்தக் காட்டுச்சா?"

"இல்லியே. பூட்டத்தானே காட்டினான்."

"அதான். அக்காவுக்குக் காகிதம் வேணாம். பூட்டு வேணும்."

பெரட்டு நின்ற நாளிலிருந்து காளியாயி தனியாகக் கொண்டுவந்த நிலம், நாளுக்கு ஒரு படங்காகக் களத்தின் கிழக்கு ஓரத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. அங்கேயே வீடு கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் வந்த அளவுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். மறுநாள் வந்ததும் நீட்டினார்கள். அழகன் கல் வைத்தான். கண்டாக்கு தண்ணீர் சுமந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, தானாக வந்தார். கினிகத்தேனையிலிருந்து நஸார் பலாமரக் கதவொன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மார்ச் இருபத்தாறாம் தேதி, ஐம்பத்து நான்கு படங்கில், இரண்டு அறையும் குசினியும் கொண்ட வீடு நின்றது. காளியாயியைக் கூட்டி வந்தார்கள். அவர் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. கதவை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாதாங்கி எங்க?"

"வெளியில நாதாங்கியே இல்ல," என்றார் நஸார். "பூட்டு கதவுக்குள்ளயே இருக்கு. சாவி ரெண்டே ரெண்டு. உள்ளுக்கு இருந்து பூட்டினா வெளிய இருந்து ஒருத்தனும் ஒண்ணும் செய்ய ஏலாது."

"அப்படித்தான் சொல்லுவீங்க. கண்டாக்கையாவ வரச் சொல்லுங்க."

கண்டாக்கு கையில் சாந்தோடு வந்தார். காளியாயி உள்ளே போய்க் கதவைப் பூட்டினார். கண்டாக்கு கைப்பிடியைத் திருகினார், தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பன்னிரண்டாவது மாங்காய்ப் பூட்டை எடுத்தார். ஆறு வருடமாக ஏன் அதை வைத்திருந்தார் என்று அவரே சொன்னதில்லை. மாட்டுவதற்கு இடம் தேடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "மாட்ட எடம் இல்ல காளியாயி," என்றார். உள்ளேயிருந்து, "சத்தமா சொல்லுங்க," என்று குரல் வந்தது. சத்தமாகச் சொன்னார். ஊர் கேட்டது.

மார்ச் இருபத்தேழு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் களத்தில் ஒருவரும் இல்லை. நாய்களும் இல்லை. கிஷாந்த் முதல் முளையை அடித்துத் தொடங்கினார். மத்தியானம் மழை வந்தது, அவர் நிறுத்தவில்லை. நகரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு, இருமுவதற்குக்கூட யோசித்துக்கொண்டு கிடந்தது. மாலை ஐந்தே காலுக்கு அவர் பேக்கரிச் சந்தியால் இறங்கி வந்து, பார்த்து, கருவியை மடக்கிவிட்டு, முதல் முளையின் தலையில் பூட்ஸ் காலை வைத்தார். ஜீவராணி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரற்கடை பிசகவில்லை. வரைபடம் மறுநாள் மாலை காணி அலுவலகத்துக்குப் போனது. ஜூனில் ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு உறுதிகள் வந்தன, தமிழிலும் எழுதியிருந்தார்கள். ஜீவராணியின் உறுதி பதினேழாவது. முதலாவது காளியாயி பெயரில் இருந்தது. உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிற கட்டத்தில் கிஷாந்த் "இருக்கிறார்" என்று எழுதியிருந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை, முளையில் கால் வைத்த செய்தி ஊரைச் சுற்றி வந்து பட்டாசு வெடிக்கத் தொடங்கிய நேரத்தில், வீரய்யா ஒன்பதாம் நம்பர் காம்பராவிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு கேத்தலும், சுருட்டிய பாயும், ஸாலிஹா பேக்கரியிலிருந்து கொடுத்தனுப்பிய பாணும் இருந்தன. காம்பராக் கதவை அவர் சாத்தவில்லை. களத்தைக் கடந்து கிழக்கு ஓரத்து வீட்டுக்கு வந்து தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"காம்பரா?"

"உட்டுட்டு வந்துட்டேன்."

"பூட்ஸக் கழட்டிட்டு வாங்க, தரை புதுசு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வீரய்யா குனிந்து பூட்ஸைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்தார். கதவு திறந்தது. அவர் உள்ளே போனதும் அது அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. சாவி உள்ளேயிருந்து இரண்டு முறை திரும்பியது.